66 ஸ்ட்ராட், மேலே ஃபிளாய்ட் ரோஸ், கறுப்பு பெயிண்ட்: எதுவரை பழைய நிலைக்குக் கொண்டுபோவது?

ஆறாம்கம்பி

வணக்கம். கைக்கு ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிதார் வந்திருக்கிறது. நெக்கைக் (கழுத்துப் பகுதி) கழற்றினேன், அடியில் பிப்ரவரி 66 (1966), பக்கத்தில் பி என்ற எழுத்து. பெரிய ஹெட்ஸ்டாக் (கழுத்தின் தலைப்பகுதி), தங்க நிற லோகோ, ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை). இதுவரை நல்ல சேதி.

மிச்சமெல்லாம் 80களில் யாரோ ஆசை தீர வேலை பார்த்தது. ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (கம்பிகளைப் பூட்டிவைக்கும் வகை), அதற்காக பாடியில் வெட்டிய பள்ளம், கழுத்து முனையில் கம்பியைப் பூட்டும் லாக்கிங் நட், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), பிக்கார்டில் (முன்பக்கத் தகடு) இரண்டு குட்டி ஸ்விட்ச், தடித்த ட்யூனர்கள் (கம்பியை முறுக்கும் சாவிகள்). எல்லாவற்றுக்கும் மேலே கனமான கறுப்பு பெயிண்ட்.

கேஸுக்குள் ஒரு பையில் பழைய ட்ரெமோலோ (சுருதியை அசைக்கும் பிரிட்ஜ்), முதுகு மூடி, இரண்டு பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்), மூன்று வழி ஸ்விட்ச், மூன்று பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்பாகம்) எல்லாம் இருக்கின்றன. ஒரு பிக்கப், பழைய ட்யூனர்கள், பழைய பிக்கார்டு இல்லை.

தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும் என்பது ஆசை. எங்கே தொடங்குவது?

பாட்கோடு

முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள், கேமராவை எடுங்கள். ஒவ்வொரு சால்டர் புள்ளியும், ஒவ்வொரு துளையும், குடைவின் அடியும் படமாக வேண்டும். இனிமேல் நீங்கள் எதை மாற்றினாலும், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த 'பி' தரத்தைக் குறிப்பதல்ல, நட்டின் (கழுத்து முனையில் கம்பிகள் தங்கும் குறுக்குக் கட்டை) அகலம். ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி என்றால் ஒன்றே ஐந்தெட்டு. ஸ்ட்ராட்டில் சாதாரணமாக வருவது பி தான். சிபிஎஸ் நிறுவனம் 1965 ஜனவரியில் ஃபெண்டரை வாங்கியது, ஆகவே உங்களுடையது அதற்குப் பிந்தைய காலத்தின் தொடக்கம். 65 இறுதியில்தான் ஹெட்ஸ்டாக் பெரிதானது, தேதியோடு பொருந்துகிறது. நெக் பிளேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நான்கு திருகைக் கழற்றினால் பிளேட் கையோடு வந்துவிடும், எந்த கிதாரிலும் மாட்டலாம்.

பாட்களின் முதுகில் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். ஆனால் ஒரு சிக்கல். ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது, அந்தச் சரக்கு அதற்குப் பின்னும் சில வருடங்கள் ஓடியது. அதனால் 66 என்று இருப்பதாலேயே அது உங்கள் கிதாரின் பாட் என்று ஆகிவிடாது. 68 கிதாரிலும் அதே எண் வரும்.

பையில் உள்ள ட்ரெமோலோவின் அடிக்கட்டையில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகு. 70களின் தொடக்கத்தில் வார்ப்புக் கட்டைக்கு மாறினார்கள், அதில் காந்தம் ஒட்டாது. பிக்கப்பைத் திருப்பினால் அடித்தட்டு சாம்பல் நிறமா என்று பாருங்கள், அந்தக் காலத்தில் அதுதான். மீட்டரில் அளந்தால் ஐந்தரை முதல் ஆறு கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது, அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சத்தம்போதும்

மாற்றுக்கருத்து ஒன்று. அப்படியே விட்டுவிடுங்கள். செட்டப் செய்து வாசியுங்கள்.

பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டைப் பாருங்கள். 1970இல் நியூயார்க்கில் வாங்கியது. சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை) மேல் அடித்த கறுப்பு, மாற்றிய நெக்குகள், மாற்றிய பிக்கப்கள், ஒரு காலத்தில் காலர் நிறுவனத்தின் ட்ரெமோலோ வேறு. அதில் தொழிற்சாலை நிலை என்று சொல்ல என்ன மிச்சம்? 2019இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' மூன்று கிதாரைக் கலைத்துச் சேர்த்த ஒன்று.

ஓரக்கண்

> அதில் தொழிற்சாலை நிலை என்று சொல்ல என்ன மிச்சம்?

அந்த ஏலத்தில் விலை போனது கில்மோரின் கை, கிதார் அல்ல. ஆறாம்கம்பியின் கிதாரில் 80களில் ஒருவர் திருகி விளையாடியதற்கு யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலர் ட்ரெமோலோவைப் பிறகு கழற்றிவிட்டு, பள்ளத்தில் மரம் வைத்து அடைத்து, பழைய வகை ட்ரெமோலோவை மீண்டும் மாட்டினார்கள். ஆக உங்கள் உதாரணமே திருப்பிக் கொண்டுவந்த கிதார்தான்.

சத்தம்போதும்

சரி, அது நல்ல அடி. ஆனால் அவர்கள் திருப்பியது வாசிப்பதற்காக. கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக இல்லை.

உளியும்வஜ்ரமும்

இந்த வேலை என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

'தொழிற்சாலையை விட்டு வந்த நாள்' என்பதை மறந்துவிடுங்கள். அந்த நாள் திரும்பாது. கிதாரில் நடந்ததை இரண்டாகப் பிரியுங்கள். திருகிக் கழற்றியது ஒன்று, வெட்டி எடுத்தது இன்னொன்று. முதல் வகையை முழுதாகத் திருப்பலாம். இரண்டாவதை அடைக்கலாம், மறைக்கலாம், ஆனால் அடைத்தது அடைத்ததாகத்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கேள்வி: இதை அடைக்காவிட்டால் என்ன குறை?

ஹம்பக்கர் குடைவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதலில் அடைக்க நினைப்பது அதைத்தான். அது முழுக்க பிக்கார்டுக்கு அடியில் இருக்கிறது. ஸ்ட்ராட்டில் பிக்கப் தொங்குவது பிக்கார்டிலிருந்து, மரத்திலிருந்து அல்ல. அதனால் அந்தப் பள்ளம் அகலமாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது, பிடிப்புக்கும் குறைவில்லை, சத்தத்தில் வித்தியாசம் கேட்டேன் என்று சொல்பவரிடம் நான் பந்தயம் கட்டத் தயார். அதை விட்டுவிடுங்கள். அடைக்கப் போனால் ஒட்டிய மரத்தை ஓரம் நேராக்க உள்ளே இன்னும் கொஞ்சம் பழைய மரம் போகும், பிழைத்திருக்கும் பெயிண்ட் தடயமும் சேர்ந்து போகும்.

ஃபிளாய்ட் பள்ளம் அப்படி அல்ல. அதன் இரண்டு தூண்களுக்கும் இடைவெளி 74 மில்லிமீட்டர் சுமார். பழைய ட்ரெமோலோவில் வெளி ஓரத் திருகு இரண்டுக்கும் இடையே 56 தான். பழைய தட்டை வைத்தால் தூண் துளைகள் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும். பாதி பிக்கார்டுக்குள் ஒளியும், பாதி ஒளியாது. பிரிட்ஜை மேலே இழுப்பதற்காகப் பின்னால் வெட்டிய பள்ளம் முழுக்க வெளியே தெரியும். ஆறு திருகுத் துளைகளின் மரமும் பெரும்பாலும் போயிருக்கும். ஆக, அடைக்க வேண்டியது இங்கேதான்.

மரம் ஆல்டர். கடையில் விற்கும் உருளைக் குச்சியைத் தூண் துளையில் அடித்து இறக்காதீர்கள். அதன் ரேகை நீளவாக்கில் ஓடுவதால் மேலே தெரிவது குறுக்கு வெட்டு முகம். அது பெயிண்டை அதிகம் உறிஞ்சும், வட்டம் வட்டமாகக் காட்டிக்கொடுக்கும், அதில் திருகும் சரியாகப் பிடிக்காது. பலகையின் பக்கவாட்டிலிருந்து பிளக் கட்டரால் வெட்டியெடுத்த அடைப்பு வேண்டும். பாடியின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் திருப்பி வைத்து ஒட்ட வேண்டும். பின் பள்ளத்துக்கு ஒரே துண்டு, மிகக் குறைவாக ஓரம் நேராக்கி.

பசை வஜ்ரமா (விலங்குப் பசை) பிவிஏவா (வெள்ளை மரப்பசை) என்று சண்டை போடுவார்கள். எனக்கு வஜ்ரம் பிடிக்கும், இறுகியபின் இளகி நகராது. ஆனால் பொருத்தம் சரியாக இருந்தால் இரண்டும் போதும், பொருத்தம் சரியில்லை என்றால் இரண்டும் காப்பாற்றாது. முக்கியமானது பொறுமை. அடைக்கும் மரமும் பாடியும் ஒரே அறையில் சில வாரம் கிடந்து ஒரே ஈரப்பதத்துக்கு வரட்டும். ஒட்டியபின்னும் காயவிடுங்கள். அவசரப்பட்டு மட்டம் பார்த்து லாக்கர் அடித்தால், பசை ஈரம் போய் ஒட்டு ஓரம் இறங்கி, அடுத்த கோடையில் அந்தச் சதுரம் அப்படியே கோடாகத் தெரியும்.

கடைசியாக ஆறு துளை. பழைய துளையின் தடம் மிச்சம் இருந்தாலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிகளையும் நூலால் இழுத்துக் காட்டி, மையம் பார்த்து, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இருபத்தைந்தரை அங்குல அளவு சரியா என்று சோதித்து, பையில் இருக்கும் அசல் தட்டையே அச்சாக வைத்துத் துளையிடுங்கள்.

ஆறாம்கம்பி

இப்படி ஒரு பதில் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. லாக்கிங் நட் பற்றி? நெக்கின் முதுகில் இரண்டு துளை முன்பின் ஊடுருவி இருக்கிறது. நட் உட்கார்ந்த இடத்தில் ரோஸ்வுட்டே இல்லை, தட்டையாகச் சீவியிருக்கிறார்கள்.

உளியும்வஜ்ரமும்

அதைச் சரிசெய்ய முடியும். முதலில் ஃப்ரெட்போர்டின் வளைவை அளவுகோல் தகட்டால் பாருங்கள். அசல் ஏழேகால் அங்குல ஆரம். ஃபிளாய்ட் நட் பத்து அங்குல ஆரம் கொண்டது. அதற்கு ஏற்ப யாராவது ஃப்ரெட்போர்டைச் சீவியிருந்தால் அது பெரிய கவலை. 62 நடுவிலிருந்து ஃபெண்டர் கனமான ரோஸ்வுட் பலகையை விட்டுவிட்டு, வளைத்து ஒட்டிய மெல்லிய தகட்டுக்கு மாறியது. சீவுவதற்கு அதில் அதிகம் இல்லை. திரும்பவும் ஏழேகாலுக்குக் கொண்டுபோகிறேன் என்று இன்னொரு முறை சீவினால் ஓரத்தில் மேப்பிள் தெரிந்துவிடும். சீவியிருந்தால் அப்படியே விடுங்கள், புது ஃப்ரெட் (பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) மட்டும்.

நட் இருந்த மேடைக்கு அடியில் மேப்பிள் துண்டு, மேலே ரோஸ்வுட் தகடு, இரண்டையும் ஒட்டி, பழைய இடத்தில் எட்டில் ஒரு அங்குலக் காடி வெட்டி எலும்பு நட் வைக்க வேண்டும். ரோஸ்வுட் தேடும்போது நிறத்தைவிடத் துளை அமைப்பைப் பொருத்துங்கள், நிறத்தைச் சாயத்தால் கொண்டுவரலாம். பிரேசில் ரோஸ்வுட் என்று யாராவது துண்டு விற்றால் காகிதம் கேளுங்கள். 1992 முதல் அது சைட்டிஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கிதாரோடு எல்லை தாண்டும் நாளில் அந்தச் சின்னத் துண்டு பெரிய தலைவலி.

முதுகுத் துளைகளை மேப்பிள் பிளக்கால் அடைக்கலாம். தெரியும். மறைக்கிறேன் என்று நெக் முழுவதும் உப்புத்தாள் போடாதீர்கள். பழைய நெக்கின் முதுகில் இருக்கும் லாக்கரும் தேய்மானமும்தான் அந்தக் கிதாரில் கைக்குத் தெரியும் பகுதி.

கம்பிகட்டி

ட்யூனருக்குப் பெரிய வேலை இல்லை. பழைய வகைக்கு எட்டே முக்கால் மில்லிமீட்டர் அளவு துளை, தடித்த ட்யூனருக்குப் பத்தாகப் பெருக்கியிருப்பார்கள். பத்து மில்லிமீட்டர் துளையில் இறங்கும் அடாப்டர் புஷ் கிடைக்கிறது. அதைப் போட்டு க்ளூசன் வகை ட்யூனரை மாட்டினால் மரத்தைத் தொடவே வேண்டாம். க்ளூசனா, 'எஃப்' எழுத்து போட்டதா என்பது ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத் திருகுத் துளைகளையும் நிழல் தடத்தையும் பார்த்தால் தெரியும். அந்தத் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

ஆறாம்கம்பி

புது சேதி. இன்று நெக் பாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் நீலம்! மினுமினுக்கும் நீலம், கொஞ்சம் பச்சை கலந்ததுபோல். ட்ரெமோலோ குடைவின் சுவரிலும் அதே நிறம். சன்பர்ஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்கோடு

லேக் பிளாசிட் ப்ளூ, ஃபெண்டரின் தனி நிறம்! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பச்சை கலந்தது நல்ல அடையாளம். நீலத்துக்கு மேலே அடிக்கும் தெளிவான நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சு வயதாக ஆக மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. பிக்கார்டுக்கு அடியில் வெளிச்சம் படாத இடத்தில் நீலம் நீலமாகவே இருக்கும். அங்கேயும் பச்சை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஓரக்கண்

கொண்டாடுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, நெக் பாக்கெட்டின் நடுவில் பெயிண்ட் இல்லாத பட்டை இருக்கிறதா? அந்தக் காலத்தில் பாக்கெட்டில் ஒரு குச்சியைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். குச்சி இருந்த இடத்தில் நிறம் விழாது. பாக்கெட் முழுக்க ஒரே நீலமாக இருந்தால் அது பிற்காலக் கை.

இரண்டு, நீலத்துக்கு அடியில் என்ன? வெள்ளை அடிப்பூச்சு இருக்கலாம், நேராக மஞ்சள் பூத்த கடினமான ஃபுல்லர்ப்ளாஸ்ட் சீலர் இருக்கலாம், சன்பர்ஸ்ட்டேகூட இருக்கலாம். குறை விழுந்த சன்பர்ஸ்ட் பாடிமேல் தனி நிறம் அடித்துத் தொழிற்சாலையே அனுப்பியது உண்டு. அடியில் சன்பர்ஸ்ட் என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது, அது மட்டும் வைத்து அசல் என்றும் சொல்ல முடியாது.

ஆறாம்கம்பி

குச்சிப் பட்டை இருக்கிறது. அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் மஞ்சள் பூச்சு. பிக்கார்டு திருகுத் துளை ஒன்றின் ஓரத்தில் கறுப்பு சில்லு பெயர்ந்து வந்தது, அதன் அடியிலும் நீலம்தான். அப்படியானால் கறுப்பு அடிக்கும்போது பழையதைச் சுரண்டவே இல்லையா?

பாட்கோடு

இல்லை! லேசாக உப்புத்தாள் போட்டு மேலேயே அடித்திருக்கிறார்கள். முன்பகுதி முழுக்க அடியில் இருக்கலாம். இனி மொத்த ரீஃபின் (புதிதாகப் பெயிண்ட் அடிப்பது) பேச்சுக்கே இடமில்லை.

கம்பிகட்டி

பெயிண்ட் உரிக்கும் ஸ்ட்ரிப்பர் தடவினால் கறுப்பு போய்விடுமே?

உளியும்வஜ்ரமும்

தயவுசெய்து வேண்டாம். நீலமும் சேர்ந்து போகும்.

பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன், முதுகு மூடிக்கு அடியில் வரும் இடத்தில் கறுப்பின் மேல் மட்டும். கறுப்பு இளகினால் அது லாக்கர் வகை, அதைக் கரைக்கும் எதுவும் அடியில் உள்ள நீலத்தையும் கரைக்கும். இளகவில்லை என்றால் இறுகும் கூட்டுப் பெயிண்ட், கார் பட்டறையில் அடிப்பது. அது உங்களுக்கு அதிர்ஷ்டம். நடுவில் சரியாக ஒட்டாத படலம் இருக்கும், கத்தி முனையில் பிரியும். இரண்டு வழியிலும் கரைப்பானுக்கு வேலை இல்லை.

சவரத் தகட்டின் விளிம்பைச் சற்றே மடக்கி ஸ்க்ரேப்பர் ஆக்கி, கறுப்பை மட்டும் சீவி எடுக்க வேண்டும். விரல் நகம் அளவு இடமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில். இடையிடையே நாப்தா (லைட்டர் எண்ணெய் வகை) தடவிப் பாருங்கள், அது நைட்ரோவைத் தொடாது, நிறம் எங்கே மாறுகிறது என்று ஈரத்தில் தெளிவாகத் தெரியும். சீவிய தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள், முகமூடி கட்டாயம்.

என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான நீல கிதார் கிடைக்காது. கறுப்பு அடித்தவர் போட்ட உப்புத்தாள் கோடுகள் தெரியும், தெளிவான மேல்பூச்சு பல இடத்தில் போயிருக்கும், விளிம்புகளில் வெள்ளையும் மரமும் எட்டிப் பார்க்கும். அதைப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். எனக்கு, புதிதாக அடித்த அழகான நீலத்தைவிட அந்தச் சொறி நீலம் பத்து மடங்கு மேல்.

சத்தம்போதும்

முதல் முறையாக நானும் உங்கள் பக்கம்.

ஓரக்கண்

விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, ரீஃபின் என்றால் மதிப்பில் பாதி. அடியிலிருந்து மீட்ட அசல் நிறத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே அடிதடி. ஆனால் ஃபிளாய்ட் பள்ளம் இருக்கும் கிதாரில் மதிப்புக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது வீண். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள், ஆனால் செய்ததை எழுதி வையுங்கள்.

ஆறாம்கம்பி

அசிட்டோன் சோதனை முடிந்தது, கறுப்பு அசையவில்லை. சீவத் தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். மரம் அடைப்பது முதலா, சீவுவது முதலா? காணாமல்போன பிக்கப்புக்கு 66 அசல் ஒன்றைத் தேடி வாங்கவா?

உளியும்வஜ்ரமும்

மரம் முதலில். அடைப்பை மட்டமாக்கும்போது பக்கத்தில் இருக்கும் கறுப்பு, நீலத்துக்குக் கவசமாக நிற்கும். கீறல் விழுந்தால் கறுப்பில் விழட்டும். பிறகு சீவி, கடைசியில் அடைத்த இடத்துக்கு மட்டும் நிறம்.

அந்த நிறத்தைத் தூரிகையால் தொட வேண்டாம். உலோகத் தூள் கலந்த பெயிண்டில் தூள் எப்படிப் படுகிறதோ அப்படித்தான் வெளிச்சம் திரும்பும். தூரிகையில் இழுத்தால் அது குப்பையாகப் படிந்து கருமையாகத் தெரியும். ஏர்பிரஷ்ஷால் மெல்லிய படலமாக, மேலே லேசாக மஞ்சள் சாயம் கலந்த தெளிவான லாக்கர். பிரிட்ஜ் தட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம்தானே, நூறு சதம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

பாட்கோடு

பிக்கப் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சந்தையில் தனியாக வரும் 66 பிக்கப் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யாரோ இன்னொரு 66ஐக் கலைத்துத் துண்டு துண்டாக விற்கிறார்கள். ஒன்றைத் திருத்த இன்னொன்றைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுற்று அறுந்த அசல் கிடைத்தால் வாங்கி, 42 கேஜ் ப்ளெயின் எனாமல் கம்பியில் மறுசுற்று செய்யுங்கள். இல்லையென்றால் நல்ல புதுச் சுற்று ஒன்று, அடியில் தேதியும் செய்தவர் பெயரும் எழுதி.

பழைய மூன்று வழி ஸ்விட்ச்சைக் கட்டாயம் மாட்டுங்கள். ஐந்து வழி 1977இல்தான் வந்தது. ஸ்விட்ச்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி வாசித்தால் ஐந்து வழியில் கூடுதலாக வரும் இரண்டு சத்தமும் கிடைக்கும், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். துணி சுற்றிய பழைய வயர் துண்டு எவ்வளவு மிச்சமோ அவ்வளவையும் பயன்படுத்துங்கள், நீளம் போதாத இடத்தில் மட்டும் புதிது.

கம்பிகட்டி

பிக்கார்டு வாங்கும்போது 60கள் அச்சில் செய்த பதினோரு திருகு வகை என்று கேட்டு வாங்குங்கள். அப்படியும் ஓரிரண்டு துளை விலகி நிற்கும். கிதாரில் புதுத் துளை போடாதீர்கள், பிக்கார்டில் துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக்கினால் திருகுத் தலை மறைத்துவிடும்.

ஆறாம்கம்பி

சரி, இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஃபிளாய்ட் பள்ளமும் நட் மேடையும் அடைப்பு, ஹம்பக்கர் குடைவு அப்படியே, கறுப்பு கையால் சீவல், நெக் முதுகைத் தொடுவதில்லை, ட்யூனருக்கு அடாப்டர், பிக்கப் மறுசுற்று அல்லது புதிது. கழற்றிய ஃபிளாய்டும் ஹம்பக்கரும் அதே பையில் கேஸுக்குள் போகும். ஃப்ரெட்போர்டு ஆரத்தை அளந்தேன். முதல் ஐந்து ஃப்ரெட் வரை சுமார் ஒன்பது அங்குலம், மேலே போகப் போக ஏழேகால்.

உளியும்வஜ்ரமும்

அப்படியானால் நட் பக்கம் மட்டும் சீவியிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள். எலும்பு நட்டை ஒன்பதுக்கு அறுங்கள், பிரிட்ஜ் சேடில்களை (கம்பி தங்கும் கட்டைகள்) ஏழேகாலுக்கு வையுங்கள். ட்ரஸ் ராடைத் (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டு) தொடுவதற்கு முன் கம்பியைத் தளர்த்துங்கள், அதன் திருகு நெக்கின் அடிப்பக்கம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த நான்கு திருகுகளையும் மாட்டும்போது முதலில் இடது பக்கமாகச் சுற்றி, பழைய மரையில் 'டக்' என்று விழுந்தபின் வலது பக்கம் முறுக்குங்கள்.